அதிகம் ஓட்டாத சைக்கிள்

ஐப்பசி பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். ஐந்தரைக்குப் பால் சங்கத்தைத் திறந்தேன். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது என்பதால் எங்களுக்கும் அது கிடையாது. வந்த பாலை எல்லாம் சோதித்து, அளந்து, கேன்களில் ஊற்றி, ஏழரைக்கு வண்டி ஏற்றி அனுப்பினேன். மாதிரிக் குப்பிகளைச் சோடா மாவு போட்டுக் கழுவிக் கவிழ்த்தேன். வரும் வழியில் கொத்தமல்லி வாங்கினேன். இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றி வைத்துவிட்டு, பின்கட்டுச் சாமான் அறையிலிருந்து சைக்கிளை வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். பழைய படுக்கை விரிப்பு ஒன்றால் மூடி வைத்திருந்தேன். எடுத்ததும் ரப்பர் வாசனை வந்தது. கடை வாசனை.

சிவப்பு நிறம். இருபது இன்ச். புது டயரில் பன்றி மயிர் போலக் குட்டிக் குட்டியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அது இரண்டு டயரிலும் அப்படியே இருந்தது. நாலு தெரு ஓட்டினால் தேய்ந்துபோகும் சமாசாரம் அது. ஹேண்டில் பிடியின் ஓரத்தில் பாலித்தீன் உறையின் துணுக்கு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஈரத்துணியால் துடைத்தேன். பிறகு உலர்ந்த துணியால். பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டுச் சங்கிலியை.

"தொடைச்சுத் தொடைச்சே பெயின்ட் போயிடும், விட்ரு" என்றார் என் கணவர். டவுன் பஸ்ஸில் நடத்துநராக இருக்கிறார். அன்று அவருக்கு ஓய்வு நாள். "மாமியார் வூட்டுக்கா அனுப்பற? பூவும் வெச்சு உடு."

"விக்கற பொருள் சுத்தமா இருக்கணுங்க."

"அதான் சொல்றேன். இவ்ளோ சுத்தமா இருந்தா எவன் வாங்குவான்?"

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்த வாரம் முழுக்க நடந்துகொண்டிருந்தது அதுதான்.

அவன் கொடுத்த அனுமதி

இந்தத் தொடரில் பால் சங்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறேன். தண்ணீர் கலந்த பாலைக் கண்டுபிடித்ததற்காக என் வீட்டுக் கூரையில் கல் விழுந்ததைப் பற்றி எழுதியிருக்கிறேன். மகனைப் பற்றி மட்டும் எழுதியதில்லை. "உங்களுக்குப் பிள்ளைகள் இல்லையா?" என்று ஒரு வாசகி போன மாதம் கேட்டு எழுதியிருந்தார்.

அவனிடம் கேட்டேன். "எழுதிக்க. ஆனா என் பேர் போடாத. தருண்னு போடு" என்றான். ஏன் தருண் என்றதற்கு, அவன் வகுப்பில் அந்தப் பெயரில் யாருமில்லையாம். எனவே அவன் தருண். பன்னிரண்டு வயது. ஏழாம் வகுப்பு.

சைக்கிளை விற்கச் சொன்னதும் அவன்தான். "அது எதுக்கும்மா நிக்குது? ஏறி உக்காந்தா முட்டி தாடையில இடிக்குது" என்றான். அவன் மனதில் கியர் வைத்த பெரிய சைக்கிள் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் புதன்கிழமையே படம் எடுத்து, சங்கத்து உறுப்பினர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். கீழே இப்படி எழுதினேன்: 'இருபது இன்ச். சிவப்பு. அதிகம் ஓட்டாதது. பெல் வேலை செய்யும். நின்றே இருந்ததால் ட்யூப் மாற்ற வேண்டியிருக்கும்.'

என் கணவர் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "ட்யூப் மாத்தணும்னு விக்கறவளே சொல்லுவாளா? பாலுக்கு லாக்டோமீட்டர் டிகிரி எழுதற கை, பொய்யே வராது."

ட்யூப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் நின்றதெல்லாம் 'அதிகம் ஓட்டாதது' என்ற இடத்தில்.

முதலில் கூப்பிட்டது பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி. யாரோ அவளுக்குப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏங்க, புதுசாட்டமே இருக்குது. ஏன் ஓட்டலைங்க?"

"சும்மாதாங்க. அப்புறம் வளந்துட்டான்."

"புது சைக்கிள எந்தப் புள்ளைங்க சும்மா வெச்சிருக்கும்? எம்பையன்லாம் தூங்கும்போதுகூட பெடல் மிதிக்கறான்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "புள்ள… இருக்கானுங்களா?"

"இருக்கான்."

"கோச்சுக்காதீங்க. கேட்டுக்கணுமில்ல?"

வைத்துவிட்டாள். மறுபடி கூப்பிடவில்லை.

அடுத்து ஓர் ஆண். அவரும் சுற்றி வளைத்து அங்கேயே வந்து சேர்ந்தார். வீட்டில் கேட்கச் சொன்னார்கள் என்றார். "இருக்கான்" என்றேன். சொல்லும்போது திரும்பி உள்ளே பார்த்தேன். தருண் பாயில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். அவன் இருக்கிறானா என்று பார்த்துவிட்டுத்தான் எனக்கு அந்தச் சொல் வாயில் வந்தது.

கன்று எங்கே

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அது என் வாயிலிருந்தும் வரும் கேள்விதான்.

காரிமங்கலம் சந்தையில் கறவை மாடு பிடிக்கப் போகிறவர்களோடு நான் சில முறை போயிருக்கிறேன். மடியைப் பார்ப்பதற்கு முன், பல்லைப் பார்ப்பதற்கு முன், மாட்டின் பக்கத்தில் பார்ப்போம். கன்று கட்டியிருக்கிறதா? இல்லாவிட்டால் முதல் கேள்வி, "கன்னு எங்க?" விற்கிறவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்பார். சந்தைக்குத் தாயைக் கொண்டுவந்து கன்றை வீட்டில் விட்டுவருகிறவர் யார்? கன்று செத்த மாடு என்றால் பால் இறங்காது, உதைக்கும். விலை பாதி. அதைவிட, வீட்டுக்கு ஆகாது என்று நிறையப் பேர் கயிற்றையே தொடமாட்டார்கள்.

தொட்டில், கொலுசு, நடைவண்டி எதுவானாலும் எங்கள் பக்கத்தில் இதே கணக்குதான். நன்றாக அடிபட்டு, கீறல் விழுந்து, ஒரு சக்கரம் கோணி இருந்தால் நிம்மதியாக வாங்குவார்கள். இன்னொரு பிள்ளை அதில் வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாக இருந்தால்தான் பயம்.

கீறல் இல்லாத சைக்கிளைத் துடைத்துத் துடைத்து இன்னும் புதிதாக்கி வைத்திருந்தேன் நான்.

அவனுக்கு வந்தது

ஏழாவது பிறந்தநாளுக்கு வாங்கியது. நாலைந்து நாள் வாசலிலேயே ஓட்டினான். அவ்வளவுதான்.

அந்த ஆண்டு கோடை முடியும்போது அவன் முகம் உருண்டது. கன்னம் பளபளத்தது. ஒல்லிப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொன்ன பிள்ளை. சங்கத்துக்கு வரும் பெண்கள் கன்னத்தைக் கிள்ளி, "டெஸ்டரக்கா, கேனுக்குப் போற பால எல்லாம் இவனுக்கே ஊத்தறியா?" என்றார்கள். நானும் சிரித்தேன். உச்சி குளிர்ந்துதான் சிரித்தேன். சுற்றிப் போட மிளகாய் எடுத்தேன்.

ஒரு நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஷூ நுழையவில்லை. குனிந்து காலைப் பிடித்து அழுத்தினேன். என் கட்டைவிரல் பதிந்த இடத்தில் பள்ளம். பிசைந்த மாவில் விழுந்தது போல. எடுத்த பிறகும் அந்தப் பள்ளம் அப்படியே நின்றது.

தருமபுரியில் டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னார். சிறுநீரகம் புரதத்தைப் பிடித்து வைக்காமல் சிறுநீரில் விட்டுவிடுகிறது. உடம்பில் நீர் கோக்கிறது. சில பிள்ளைகளுக்கு வரும், பெரும்பாலும் வளர வளரச் சரியாகும். ஆனால் அதுவரை போகும், திரும்ப வரும். சளி பிடித்தால் வரும். ஒன்றுமே இல்லாமலும் வரும். வரும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை. உப்பு நிறுத்த வேண்டும்.

வருகிறதா என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ள வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. நர்ஸ் கற்றுக்கொடுத்தார். காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் முக்கால் பாகம் எடுத்து, சாய்த்துப் பிடித்து, மேல்பாதியை மட்டும் சுடரில் காட்டிக் கொதிக்கவைக்க வேண்டும். தெளிவாகவே இருந்தால் நல்லது. முட்டையின் வெள்ளை வேகிற மாதிரி வெளுத்தால் புரதம்.

"உங்களுக்கு ஈசியா வருமே, பால் டெஸ்டர்தானே?" என்றார் நர்ஸ்.

ஈசியாக வந்தது. அதுதான் கொடுமை. அடுத்த சில வருடங்கள் காலையில் மகன், பிறகு ஊரார் பால். கையில் எப்போதும் ஏதாவது குழாய். நான்கு முறை வெளுத்தது. நான்கு முறையும் குழாயைப் பிடித்தபடி அடுப்பங்கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சைக்கிள் ஓட்டக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. வீங்கியிருக்கும்போது அவனால் முடியாது. வீக்கம் வடிந்திருக்கும்போது எனக்கு மனம் வராது. தெருப் புழுதி, சளி, இருமல் என்று ஒவ்வொன்றாகக் கண்முன் வரும். விரிப்பைப் போட்டு மூடினேன். சைக்கிள் அவனுக்குச் சின்னதாகிப் போனது அந்த விரிப்புக்கு அடியில்தான்.

கடைசியாக வந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிறது. "இனிமே தினமும் பாக்க வேண்டாம்மா. முகம் கால் வீங்கினா மட்டும் பாருங்க. அவனும் பாவம், நீங்களும் பாவம்" என்று போன வருடம் டாக்டர் சொன்னார். குழாய்களைக் காகிதத்தில் சுற்றி மேல் பரணில் வைத்தேன்.

ஏரிக்கரை

மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பதினொரு மணிக்கு ஒரு கணவன் மனைவி வந்தார்கள். காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர். அவர் பெயர் மாதேஷ். பெங்களூரில் கட்டட வேலை, வார இறுதியில் ஊருக்கு வருகிறவர். அவர் மனைவி ராதா. மகளுக்குச் சைக்கிள் வேண்டும். மகளை அழைத்து வரவில்லை. பிடிக்காமல் திரும்பினால் அழுவாளாம்.

மாதேஷ் குந்தி உட்கார்ந்து பெடலைச் சுற்றினார். சக்கரம் சத்தமில்லாமல் சுற்றியது. அவர் முகம் மலர்ந்தது. ராதா டயரைத் தடவினாள். அந்த ரப்பர் முளைகளில் அவள் விரல் நின்றது.

"ஏன்க்கா, ஓட்டவே இல்லையா?"

"கொஞ்சம் ஓட்டினான்."

"பையன் எங்கக்கா?"

"வெளாடப் போயிருக்கான். வந்துருவான்."

ராதா கணவரைப் பார்த்துக் கன்னடத்தில் பேசினாள். எங்கள் ஊரில் பாதி வீட்டில் கன்னடம்தான். எனக்கு நன்றாகப் புரியும். வாசலில் சின்னச் செருப்பு ஒன்றுகூட இல்லை, பிள்ளை இல்லை போலிருக்கிறது, கிளம்பலாம் என்றாள். அவர், பாவம், சும்மா இரு என்றார்.

நான் வாசலைப் பார்த்தேன். உண்மைதான். வந்தவர்களுடையது போக, என் செருப்பும் என் கணவர் செருப்பும் மட்டும் கிடந்தன. தருண் செருப்புப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். வேறு என்ன கிடக்கும்?

பத்தரைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன். மட்டையை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைக்கு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி பெய்த மழை. ஏரி நிரம்பியிருக்கும். கரை மண் ஊறியிருக்கும். பந்து தண்ணீரில் விழுந்தால் எவன் இறங்கி எடுப்பான்? நாலு நாளாக எல்லோரும் மாற்றி மாற்றி என்னிடம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி தலைக்குள் ஓடியது. புள்ள இருக்கானா? இருக்கான், இருக்கான் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சொல்லச் சொல்ல அது தேய்ந்துகொண்டே வருவது போல இருந்தது.

"ஏங்க, போய்ப் பாத்துட்டு வாங்க" என்றேன் கணவரிடம்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். வண்டியை எடுத்தார்.

காபி போட்டேன். ராதா வேண்டாம் என்றாள், பிறகு வாங்கிக்கொண்டாள். மாதேஷ் பெல்லை ஒருமுறை அடித்துப் பார்த்தார். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. வேறொருவர் அடித்துக் கேட்டுப் பல வருடமாகியிருந்தது.

ஓடையருகே பாதை திரும்பும் இடத்தில் என் கணவரின் வண்டிச் சத்தம் கேட்டது. எழுந்து நின்றேன். பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பது தெரிந்த பிறகுதான் கையிலிருந்த டம்ளர் சுடுவது தெரிந்தது.

முழங்கால் வரை சேறு. கையில் மட்டை. "பந்து முள்ளுக்குள்ள போயிடுச்சும்மா, தேடிட்டு இருந்தோம். அதுக்குள்ள அப்பாவ அனுப்பிட்டியா? பசங்க எல்லாம் சிரிக்கறாங்க" என்றான் கோபமாக.

கைமாற்றம்

அவனைக் கண்டதும் ராதாவின் முகம் மாறிவிட்டது. எழுந்து அவனிடமே போனாள்.

"தம்பி, இது ஒன்னோட சைக்கிளா? ஏன் ஓட்டல நீ?"

தருண் என்னைப் பார்த்தான். நான் முந்திக்கொண்டேன். "அப்ப அவனுக்கு ஒடம்பு சரியில்லாம இருந்துச்சுங்க. கொஞ்ச நாள். இப்ப நல்லா இருக்கான்."

இப்ப நல்லா இருக்கான். அதை வெளியாள் முன்னால் வாய்விட்டு நான் சொன்னதே இல்லை. சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ஓட்டிக் காட்டு தம்பி, பாக்கலாம்" என்றார் மாதேஷ்.

தருண் ஏறி உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் ஹேண்டிலுக்கு வெளியே. காற்றில்லாத டயரில் நாலடி போய், சர்க்கஸ் கரடி மாதிரித் திரும்பி வந்தான். எல்லோரும் சிரித்தோம். மாதேஷ்தான் அதிகம் சிரித்தார்.

"ஒன் கையால குடு சாமி. எம் பொண்ணு நல்லா ஓட்டணும்னு சொல்லிக் குடு" என்றாள் ராதா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள். தருண் வெட்கத்தில் நெளிந்தபடி, "நல்லா ஓட்டட்டும். லெஃப்ட் பிரேக் டைட்டா இருக்கும், சொல்லிடுங்க" என்றான்.

பணத்தை என் கணவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மாதேஷ் வண்டியைக் கிளப்பினார். ராதா பின்னால் ஏறி உட்கார்ந்து சைக்கிளை மடியில் குறுக்காக வைத்துப் பிடித்துக்கொண்டாள். போகிற நேரத்தில், எனக்கு ஆறுதலாகத்தான், மனதாரத்தான் சொன்னாள்:

"ஒடம்பு சரியில்லாத புள்ளன்னு யாருக்கா சொல்லுவாங்க? மொகத்தப் பாரு, எப்படிப் பூரிச்சுக் கெடக்குது! கண்ணே தெரியல. சாயந்தரம் சுத்திப் போடுக்கா."

வண்டி போய்விட்டது.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். தினம் பார்க்கிற முகம். அதனாலேயே எனக்குத் தெரியவில்லை. அது பூரித்திருந்ததா? போன வாரம் இப்படித்தான் இருந்ததா? கண்ணுக்குக் கீழே அந்த மேடு முன்பே உண்டா? என்னால் சொல்ல முடியவில்லை. பாலில் ஒரு டம்ளர் தண்ணீர் கலந்தால் சொல்கிறவள் நான்.

"என்னம்மா அப்படிப் பாக்கற?"

"ஒன்னுமில்ல. சேத்தக் கழுவு."

மீதிப் பகல்

அவன் குளித்தபின் துண்டோடு வந்தபோது கணுக்காலைப் பார்த்தேன். சாப்பிடும்போது கண்ணிமையை. படுத்து டிவி பார்க்கும்போது வயிற்றை. பக்கத்தில் உட்கார்ந்து காலைத் தொட்டேன். அழுத்தவில்லை. அழுத்தினால் தெரிந்துவிடும், எனக்கும் அவனுக்கும்.

நாலு மணிக்குச் சங்கம். ஒரு மாதிரியை இரண்டு தடவை சோதித்தேன். ஒருவர், "என்னா டெஸ்டரம்மா, எம் மாட்டு மேல சந்தேகமா? பாவம் அது, மழை பெஞ்சா வாயத் தெறந்து வெச்சுக்குது, நான் என்னா பண்றது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் காதில் விழுந்தது, சிரிப்பு வரவில்லை.

திரும்பி வரும்போது பின்கட்டில் என் கணவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டே போனேன். தருணின் பள்ளிச் சாக்ஸ். கையில் வைத்து அதன் வாய்ப்பட்டையை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்ஸ் பட்டை காலில் பள்ளமாகப் பதிவதுதான் இரண்டாவது முறை வந்தபோது எங்கள் கண்ணில் பட்ட முதல் அடையாளம்.

"லூசாதான் இருக்குது" என்றார், என்னைப் பார்க்காமல்.

"அவ சொன்னது கேட்டுச்சா உங்களுக்கு?"

"கேக்காம?" சாக்ஸைச் சுருட்டிக் கொடியில் போட்டார். "பாலுக்கு ஃபேட் பாக்கற மாதிரி புள்ளையப் பாக்காதன்னு உன்னைத் திட்டணும்னுதான் உக்காந்திருந்தேன்."

உப்பு

இரவுச் சாப்பாட்டுக்குக் கத்தரிக்காய்க் குழம்பு. கொதி வந்ததும் உப்புப் போடுவதற்கு முன் ஒரு கரண்டி எடுத்துக் கிண்ணத்தில் ஊற்றித் தனியே வைத்தேன். சாதத்துக்கும் உப்பில்லை. அவனுக்கு மட்டும். ஒரு வேளைதானே, தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு மூவரும் உட்கார்ந்தோம். அவன் தட்டில் அந்தக் கிண்ணத்துக் குழம்பை ஊற்றினேன். அப்பளம் வைக்கவில்லை. பிசைந்து ஒரு வாய் வைத்தான். மென்றான். இன்னொரு வாய் எடுக்கவில்லை.

"அம்மா, உப்பு இல்ல."

நான் வாய் திறப்பதற்குள் அவர் சொன்னார். "ஆமாண்டா, எனக்கும் இல்ல. உங்கம்மா மறந்துட்டா. இன்னைக்கு அவளுக்கு நெனப்பெல்லாம் சைக்கிள்ள."

தருண் அவரைப் பார்த்தான். கையை நீட்டி அவர் தட்டிலிருந்து ஒரு பருக்கை எடுத்து நாக்கில் வைத்தான்.

ஓட்டுமேல் மழை மறுபடி பிடித்தது.

அவன் கேட்கமாட்டானா என்று இருந்தது. கேட்டுவிடுவானோ என்றும் இருந்தது. அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, உப்பில்லாத சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தான். ஏழு வயதில் தட்டைத் தள்ளிவிட்டு அழுத பிள்ளை. இப்போது ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கை கழுவும்போது முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னான்: "காலைல எழுந்ததும் நேரா பாத்ரூம் போயிடமாட்டேன். குவளைய வெளிய வெச்சிரு."

"ஒன்னுமிருக்காது கண்ணு."

"அப்புறம் ஏன் உப்பு போடல?"

அவர் எழுந்துபோய் முக்காலி போட்டு ஏறி, பரணிலிருந்து காகிதச் சுருளை எடுத்துக் கொடுத்தார். பழைய தினசரி. உள்ளே குழாய்கள் உடையாமல் இருந்தன. வெந்நீரில் கழுவிக் கவிழ்த்தேன்.

திங்கட்கிழமை காலை

வாசல் தெளிக்கவில்லை. கோலம் போடவில்லை. அலாரம் அடிக்குமுன் எழுந்து, அவன் படுத்திருந்த பாயருகே போய் உட்கார்ந்து, போர்வையை விலக்கி, முன்னங்கால் எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். மனதுக்குள் பத்து எண்ணினேன். விரலை எடுத்தேன். இருட்டில் பள்ளம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. தடவிப் பார்த்தேன். என் விரலை என்னால் நம்ப முடியவில்லை.

"முழிச்சுதான் இருக்கேன்" என்றான்.

குவளையைக் கொண்டுவந்து கொடுத்தான். அடுப்பங்கரையில் விளக்கைப் போட்டேன். குழாயில் முக்கால் பாகம் ஊற்றி, இடுக்கியால் பிடித்துச் சாய்த்து, சின்னச் சுடரில் மேல்பாதியைக் காட்டினேன். அவன் பக்கத்தில் நின்றான். அவர் கதவில் சாய்ந்து நின்றார்.

குமிழி வந்தது. கொதித்தது. மேல்பாதி மெல்ல வெளுத்தது.

தருண் மூச்சை இழுத்தான். குழாயைச் சுடரிலிருந்து எடுத்தேன். கீழே தெளிவு, மேலே மோர் போல வெண்மை. மறைக்க ஒன்றுமில்லை, மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனால் சோதனை அங்கே முடிவதில்லை. நர்ஸ் சொல்லிக்கொடுத்த இன்னொரு படி இருக்கிறது. சில நாள் சிறுநீரில் உள்ள உப்புகளும் சூட்டில் வெளுக்கும். இரண்டு மூன்று சொட்டு வினிகர் விட வேண்டும். வெறும் உப்பு என்றால் கரைந்துவிடும். புரதம் என்றால் கரையாது, அப்படியே நிற்கும். முன்பு வந்த நான்கு முறையும் அப்படியே நின்றது.

வினிகர் பாட்டிலை அவர் எடுத்துத் திறந்து கொடுத்தார். முதல் சொட்டு விட்டேன். மாற்றமில்லை. இரண்டாவது சொட்டு. ஓரத்தில் ஏதோ அசைந்த மாதிரி இருந்தது. என் கண்தான் அசைந்ததோ என்னவோ. மூன்றாவது.

வெண்மை மேலிருந்து கீழாகக் கரைந்து இறங்கியது. குழாய்க்கு அந்தப் பக்கம் சுவர்க் காலண்டரின் எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

"போச்சா?" என்றான் தருண்.

"போச்சு."

"நெஜமா?"

"பாரு, நீயே பாரு."

குனிந்து பார்த்தான். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். பிறகு பல் தேய்க்கப் போனான். பின்கட்டில் குழாய் திறக்கும் சத்தமும், அவன் வாய் கொப்பளிக்கும் சத்தமும் கேட்டன.

"அதான் தெளிஞ்சிடுச்சே" என்றார் அவர். "சங்கத்துக்கு நேரமாச்சு. கெளம்பு."

"ம்."

சொல்லிவிட்டு அவரும் அங்கிருந்து நகரவில்லை. குவளையில் இன்னும் மீதி இருந்தது. நான் இரண்டாவது குழாயை எடுத்துக் கழுவினேன்.